பெறப்பட்டது

பங்குனி இருபதாம் தேதி கடையை மூடினேன்.
காரைக்குடி, கல்லுக்கட்டிக்குக் கீழ்ப்பக்கம்,
ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம்.
போன் இணைப்பும் வேண்டாமென்று அன்றே எழுதிக் கொடுத்து
மோடத்தை அதன் வாலாலேயே சுற்றிக் கட்டி
செக்காலை ரோட்டு அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்தேன்.
ரசீது தந்தார்கள்.

சித்திரைக்கு ஒரு பில் வந்தது.
வைகாசிக்கு ஒன்று.
ஆனியில் தாமதக் கட்டணமும் சேர்ந்து
இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தாறு ரூபாய்
நாற்பத்தொரு காசு.
மங்கையர்க்கரசி என்ற என் பெயர்
அதில் மங்காயர் கராசி.
அவளே கட்டட்டும் என்று முதலில் சும்மா இருந்தேன்.

பிறகு அழைத்தேன்.
தமிழுக்கு ஒன்று. புகாருக்கு நான்கு.
அதே அரை நிமிட வீணை, பதினேழு நிமிடம்.
"மேடம், மோடம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது,
சிஸ்டம் காட்டுகிறது" என்றான் ஒரு பையன்.
அவ்வளவு பணிவாகச் சொன்னதில்
எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
காலிக் கடையைத் திறந்து பார்த்தேன்.
பல்லி முட்டை இரண்டு. ஸ்டேப்ளர் பின் அரை டப்பா.

பதினொரு வருடம் ஊருக்கெல்லாம் மனு எழுதியவள்.
முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், பெயர்த் திருத்தம்,
மேற்படி, ஆகவே, தயவுகூர்ந்து,
பக்கம் முப்பது ரூபாய்.
எனக்கென்று உட்கார்ந்தால்
"ஐயா"வுக்குப் பிறகு கை நிற்கிறது.

ரசீதின் நகலை இணைக்க வேண்டுமாம்.
ரசீதை உடனே நகலெடுத்து வையுங்கள் என்று
வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்ன நான்
என்னுடையதை எடுக்கவில்லை.
பீரோவில் இருந்தது வெறும் வெள்ளைத்தாள்.
அச்சை அக்கினி நட்சத்திரம் குடித்துவிட்டது.

தேய்ப்பு வண்டி சோணைமுத்து வாங்கிப் பார்த்தார்.
"ஒண்ணும் விழாத சீட்டா?" என்றார்.
கரி கனன்ற பெட்டியை
தாளுக்கு ஒரு விரற்கடை மேலே காட்டினார்.
தாள் கறுத்தது.
ஐயோ என்று கத்திவிட்டேன்.
அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக எழுந்து வந்தன
மோடம் ஒன்று
பெறப்பட்டது
தேதி, யாரோ ஒருவரின் கிறுக்கல்.

படமெடுத்து அனுப்பி ஒன்பது நாள்.
"தங்கள் குறை தீர்க்கப்பட்டது. திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும்."
அழுத்தினேன்.
ஆடிக்கும் பில் வந்தது.
இரண்டாயிரம் போயிருந்தது, எழுநூற்று எண்பத்தாறும்.
பாக்கி நாற்பத்தொரு காசு.
கடைசித் தேதி பதினைந்து.

இதை எந்த நாணயத்தில் கட்டுவது?
அரை ரூபாய் கொடுத்தால்
ஒன்பது காசு அவர்கள் எனக்குத் தர வேண்டும்.
தருவார்களா, கேட்போம்.
பேனாவை எடுத்தேன்.
ஐயா,
மேற்படி நாற்பத்தொரு காசு தொடர்பாக