காம்புத் தொப்பிக்கு அடியில்

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின்
காம்புத் தொப்பியை நகத்தால் தூக்கிப் பாருங்கள்.
முள் குத்தும், பரவாயில்லை.
அடியில் ஒரு வெள்ளை வளையம்.
வெயில் படாததால் ஊதா ஏறாத இடம்.
வேலூர் ஜில்லாவில் வெயில் படாத இடமாக
எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பொய்கைச் சந்தையில் வாங்கிய இரண்டு கிலோவின்
தோலை மட்டும் சீவிக்கொண்டு
சதையை ரோசலினிடம் கொடுத்துவிடுவேன்.
அவள் ஹாஸ்டலில் மூன்று நாளாக
கத்தரிக்காய்தானாம், திட்டுகிறாள்.

நிறம் தனியாக நிற்காது.
சர்க்கரை ஏறாத டெல்ஃபினிடின்
பிறந்த சூட்டிலேயே வெளிறிப்போகும்.
அதன் தோளில் ஒரு குளுக்கோஸை ஏற்றிவிட்டால்
நீரில் கரையும், செல்லின் நீர்க்குமிழிக்குள்
போய் உட்காரும்,
சந்தைக்கு வரும்வரை ஊதாவாகவே இருக்கும்.

"சர்க்கரையா? அப்ப இனிக்குமா?" என்றான் அண்ணன்,
மேல்விஷாரத்திலிருந்து போனில்.
கத்தரிக்காய் எங்கே இனித்தது.
பாத்திரத்துக்கு வைக்கிற பிடி மாதிரி அது,
பிடியை யார் நக்கிப் பார்க்கிறார்கள்.

ஏற்றிவிடும் நொதிக்கு இரண்டு பாதிகள்.
பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி
இரு கையால் அள்ளும் வாகு.
இடையில் ஒரு பிளவு, வேலை முழுக்க அங்கேதான்.
ஒரு கையில் நிறம்.
மறு கையில் யூ.டி.பி. என்கிற சுமைக்காரன்,
தலையில் குளுக்கோஸ் மூட்டை.
அவனைப் பிடித்து நிறுத்த
நாற்பத்து நான்கு அமினோ அமிலங்கள் வரிசையில்.
எதிர்ப் பாதியில் ஒரு ஹிஸ்டிடின்
நிறத்திடமிருந்து ஒரே ஒரு ஹைட்ரஜனைக் கழற்றும்.
கழன்ற இடம் சர்க்கரையின் முதுகில் பாய,
சர்க்கரை குப்புறத் திரும்பி ஒட்டிக்கொள்ளும்.
சுமைக்காரன் வெறுந்தலையோடு வெளியேறுவான்.
கை திறக்கும். எதையும் வைத்துக்கொள்ளாது.

அந்த நாற்பத்து நான்கில் கடைசி ஆள் குளூட்டமின்.
குளுக்கோஸைத் தொட்டுப் பார்த்து
ஆமாம், இதுதான் என்று சொல்கிறவன்.
அவனை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஹிஸ்டிடினை வைத்தேன்.
காலக்டோஸையும் ஏற்குமா?
இரண்டு சர்க்கரைக்கும் வித்தியாசம்
ஒரு மூலையில் ஒரு கை மேலே இருப்பதா, கீழே இருப்பதா
என்பதுதான்.
பதினோரு மாதம் அந்த ஒரு கைக்காக.

அக்னி நட்சத்திரத்தின் ஆறாம் நாள்,
நூற்றெட்டு டிகிரி, காட்பாடி முழுக்கக் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் இருமி நின்றுவிட்டது.
ஐஸ் பெட்டியில் நொதி,
பெட்டியில் ஐஸ் இல்லை.

ரோசலின் ஸ்கூட்டியை முறுக்க
நான் பின்னால் தெர்மாகோலைக் கட்டிப்பிடித்து
பாலத்தைத் தாண்டி மீன் மார்க்கெட்.
தேசிங்கு பாறை பாறையாக உடைத்துப் போட்டார்.
"எவ்ளோ மீனும்மா?"
"ஒரு சொட்டு."
ஏற இறங்கப் பார்த்தார்.
"சொட்டு மீனா?"
கேட்டபடியே இன்னொரு பாறையை வைத்து
அதற்குக் காசு வாங்க மறுத்தார்.
புரியாத வியாபாரத்தில் லாபம் எடுப்பதில்லை போலும்.

நொதி பிழைத்தது. முழுசாக இல்லை.
வியாழக்கிழமை வரைபடம் வந்தது.
குளுக்கோஸின் மேடு பாதியாகக் குறைந்து,
அதன் பக்கத்தில்
சாயிநாதபுரம் ரோட்டு வேகத்தடை அளவில்
இன்னொன்று.
காலக்டோஸ்.

கைடு கண்ணாடியைக் கழற்றிவிட்டு
"சத்தமா இருக்கலாம், திரும்பப் பண்ணு" என்றார்.
சரிதான். மூன்று முறை பண்ணாமல்
நானும் நம்பமாட்டேன்.

பெட்டியைக் கழுவும்போது
மூலையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது, சங்கரா மீன்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்:
ஒரு பக்கம் இளஞ்சிவப்பு,
திருப்பினால் ஒன்றுமில்லை.

நாளைக்கு மறுபடி இரண்டு கிலோ வேண்டும்.
ரோசலினிடம் இன்னும் சொல்லவில்லை.