ஸ்டவ் வாடகை

நாளொன்றுக்கு இருபது ரூபாய்.
ஒற்றை பர்னர், குக்கர், இரண்டு தட்டு, ஒரு கரண்டி.
முன்பணம் இருநூறு;
பொருள் திரும்பினால் பணம் திரும்பும்.
வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து,
லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் கடை.
போர்டில் இருப்பது வங்காளி எழுத்து.
எழுதித் தந்தவன் ஒரு கிட்னி நோயாளியின் தம்பி,
வாடகை பாக்கிக்குப் பதிலாக.
என்ன எழுதினான் என்று எனக்குப் படிக்கத் தெரியாது.

காட்பாடியில் ரயில் நின்றால்
எங்கள் தெரு எழுந்து உட்காரும்.
ஆட்டோவிலிருந்து முதலில் இறங்குவது எக்ஸ்ரே கவர்,
அப்புறம் மூட்டை,
அதற்கப்புறம்தான் ஆள்.
மால்டா, அகர்தலா, ராஞ்சி:
வரைபடத்தில் நான் தேடாத ஊரெல்லாம்
என் நோட்டில் வரிசையாக நிற்கின்றன.
'கொத்தோ தின்?' என்பேன். எத்தனை நாள்.
பதில் சொல்லாமல்
எதிர் கேட்டைப் பார்ப்பார்கள்.

பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லை.
இந்தத் தெருவுக்குப் பாய்வது
வடக்கிலிருந்து தண்டவாளத்தில் வருகிற ஆறுதான்.
அதை நம்பித்தான் பழக்கடை, மருந்துக்கடை,
மொட்டை மாடியில் தகரக் கூரை அறைகள்,
மீனைப் பெரிய துண்டாக வெட்டக் கற்றுக்கொண்ட பாத்திமுத்து.
'அடுத்தவன் நோவுல அடுப்பு எரியுற ஊரு'
என்றான் ஆம்பூரிலிருந்து வந்த மச்சான்.
தோல் ஷாப்பில் வேலை அவனுக்கு.
'உனக்கு செத்த மாட்டுல' என்றேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் டீயைப் பார்த்தோம்.

தேன்மொழி ஏழாம் மாதம் அம்மா வீட்டில் இருந்தாள்,
கணியம்பாடி தாண்டி.
வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வேன் வரும்.
எப்சிபா சிஸ்டர் அவள் காலை அழுத்திப் பார்த்தாராம்;
விரல் பதிந்த குழி மேலே வரவில்லை.
நோட்டை மூடிவிட்டுச் சொன்னாராம்:
'வண்டியில ஏறு. புடவை அப்புறம் வரும்.'

ஆயிரத்து நூற்றைம்பது கிராம்.
ஒரு கிலோ அரிசி, மேலே ஒரு பிடி.
கையில் கட்டிய பட்டையில் பெயர்:
பேபி ஆஃப் தேன்மொழி.
பதினோரு வருஷம் எதிரிலேயே இருந்தும்
ஃபிளாஸ்க்கோடு மட்டும் நுழைந்த கேட்டுக்குள்
இப்போது நானும் ஒரு கவரோடு.

ஐந்தாம் இரவு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்
மால்டாக்காரி ஷெஃபாலி.
என் குக்கரில் சோறு, என் தட்டில் மீன்.
கடுகெண்ணெய் வாசம் எனக்கு ஆகாது.
சாப்பிட்டேன்.
'கொத்தோ தின்?' என்றாள்.
நான் கேட்டைப் பார்த்தேன்.

நாற்பத்தொரு நாள்.
பில்லுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார வைத்துக் கேட்டாள்:
வாடகை வீடா, எத்தனை ஸ்டவ், நகை எவ்வளவு.
அடகு ரசீதை எடுத்துக் காட்டும்போது கூசியது.
ஓர் எண்ணை அடித்தாள்,
பக்கத்தில் ரொம்பச் சின்னதாக இன்னோர் எண் எழுதினாள்.
'மீதி யாரு தருவாங்க?'
'ஏசி ரூம்ல இருக்கிறவங்கன்னு வெச்சுக்குங்களேன்.'

ஷெஃபாலியின் புருஷன் பிழைக்கவில்லை.
அந்த வாரமே, இதே கட்டடத்தில்.
நான் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது
ஸ்டவ் கடை வாசலில் இருந்தது,
பர்னரின் துளைகூடத் துலக்கி.
முன்பணம் வாங்கவில்லை.
அந்த இருநூறு இன்னும் நோட்டில் நிற்கிறது,
வருஷா வருஷம் புது நோட்டில் முதல் வரியாக.
எந்த முகவரிக்கு அனுப்புவது?

பெண் இப்போது இரண்டாவது படிக்கிறாள்.
மூன்றாம் மாடிப் பையனோடு விளையாடி
அவன் எழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.
நேற்று போர்டுக்குக் கீழே நின்று
விரல் வைத்து எனக்குப் படித்துக் காட்டினாள்:

அடுப்பு வாடகைக்குக் கிடைக்கும்.
ஆள் நல்லவன்.
குக்கர் வாஷர் மட்டும் பழசு, பார்த்து வாங்கு.