இருபத்தாறாம் பக்கம்

லூசியா ஹைஃபாவிலிருந்து கொண்டுவந்தவை:
ஒரு குளிரங்கி, ஒரு கிரைண்டர்,
ஆறு வருடப் பகிடிகள் எழுதிய நீலக் கொப்பி.
பகிடிகள் அவளுடையவை அல்ல.
அவள் தினமும் கால்மேசு கழற்றிவிட்ட ஒரு மனுசனுடையவை.
முழங்கால் வலிக்காகக் கடவுள்மேல் வழக்குப் போட்டவர் அவர்.
மாலை ஆறு மணிக்கு விசாரணை.
"எதிராளி இன்றும் சமூகமளிக்கவில்லை" என்று
அவரே அறிவித்து, அவரே ஒத்திவைத்து,
அதே எதிராளிக்கு
இராச்சாப்பாட்டுக்காக நன்றியும் சொல்வாராம்.

"படம் நீ கீறு" என்றாள். "சிரிப்பு வரவேணும்.
ஆனா ஆரையும் பார்த்துச் சிரிக்கப்படாது."

கல்லடியில் என் மேசை. ஜன்னலுக்குக் கீழே வாவி.
முதல் படம் தானாக வந்தது.
செதிளும் செட்டையும் இல்லாததைத் தின்னாதே
என்கிறதாம் அவர்களின் சட்டம்.
எங்கள் நண்டொன்று அதைக் கேள்விப்பட்டு
இரண்டு கொடுக்கையும் கூப்பி
மதம் மாற மனுப் போடுகிறது.
ரபி தாடியைத் தடவுகிறார்:
"நீ மாறி என்ன பயன்?
உன்னைச் சமைக்கிறவன் அல்லவா மாறவேண்டும்."

அடுத்தது, வெள்ளி பொழுது பட்டபின்
லைற்றை அணைக்க மறந்த தையற்காரர்.
ஓய்வுநாளில் சுவிச்சைத் தொடக் கூடாது.
தொடச் சொல்லியும் கேட்கக் கூடாது.
தலையணைக்கடியில் முகம் புதைத்துக்
கண்கூசக் கண்கூசச் செபிக்கிறார்.
பட்டென்று வீடு இருண்டது.
"அற்புதம்!" என்றார்.
"மூன்று மாதம் பில் கட்டவில்லை" என்றாள் மனைவி.
"எனக்கு அந்த மறதியைத் தந்தது யார்?" என்று கேட்டுக்கொண்டே
தூங்கிப்போனார்.

பிறகு அந்தப் பெரிய பக்கம்.
நடுவில் ஒரேயொரு வரி,
சுற்றிலும் அதை மறுத்தவர்கள்,
மறுத்தவர்களை மறுத்தவர்கள்,
தாடிக்குள் தாடியாகக் காகிதத்தின் விளிம்புவரை.
ஏறாவூர் அச்சகத்தில் றிபாய்தீன்
புரூஃபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"வெட்ட ஓரம் இல்லையே கா.
கத்தி ஆரோ ஒராளின்ட நியாயத்துக்கு மேலதான் விழும்."

கடவுளைத்தான் கீற முடியவில்லை.
கீறவே கூடாது என்றாள் லூசியா.
"அதில நாங்களும் அவங்களும் ஒரே கட்சி" என்றார் றிபாய்தீன்.
எங்கள் வீட்டுக் கலண்டரில் மட்டும்
பதினொரு பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்;
நான் ஒன்றும் பேசவில்லை.
ஒரு கதிரை கீறினேன்.
வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை, இடக்கை உடைந்தது.
எதிரே, கோப்பும் கட்டுப்போட்ட முழங்காலுமாக அவர்.

லூசியா விழுந்து விழுந்து சிரித்தாள்.
பிறகு பக்க எண்ணைப் பார்த்தாள்.

எழுத்துகளையே எண்களாகக் கூட்டுவார்களாம் அவர்கள்.
வாயால் சொல்லாத அந்தப் பெயரின்
நாலு எழுத்தையும் கூட்டினால் இருபத்தாறு.
"அவர் அதைச் சொல்லேக்க நான் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டன்.
அந்த நம்பர் எங்களுக்கும் தெரியும் எண்டன்.
டச்பாரில ஒரு மார்கழி.
வீடு இல்லை. மகன் இல்லை.
கதிரை மட்டும் கிடைச்சது, தென்னை வட்டுக்குள்ள."

அன்று மாலை அவர் வழக்கை ஒத்திவைக்கவில்லை.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
கோப்பில் ஒரு வரி சேர்த்தார்:
வழக்காளி இரண்டு, லூசியா.
சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல
அன்றைக்கு நெடுநேரம் எடுத்தது.
சூப் ஆறிப்போயிற்று. சொன்னார்.

ஒரு விளம்பரத்தைச் செருகிக்
கதிரையை இருபத்தேழுக்குத் தள்ளவா என்று கேட்டேன்.
றிபாய்தீனும் போனில்:
"அந்தப் பக்கத்தில ஓரம் நிறையக் கிடக்கு, பூ ஏதும் போடவா?"

"ஓரம் கிடக்கட்டும்" என்றாள்.
"ஆராவது மறுத்து எழுத வருவான்.
நீ அந்தக் கையை மாத்து.
எங்கட கதிரையில உடைஞ்சது வலக்கை."

றப்பரைத் தேடினேன்.