ஒத்திகை

புந்தா அரேனாஸ் காற்றுக்குக் கதவைத் தட்டிப் பழக்கமில்லை.
தீயணைப்பு நிலையத்தின் பின்னறை,
செவ்வாய் இரவு, ஒன்பது ஆண்கள்.
காயப்போட்ட குழாய்கள் தலைக்குமேல் சொட்டுகின்றன.

நாலு வாரமாக நான்
ஹீட்டரைப் பற்றி மட்டுமே பேசியிருந்தேன்.
இன்று விடவில்லை:
வீட்டில் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிப் பார்.

என் மனைவியாக நடிக்க யெர்கோ எழுந்தான்.
நூற்றுப்பத்து கிலோ, இழுவைப் படகின் எஞ்சின்காரன்,
மீசையில் ரொட்டித் துகள்.
எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம்.

"ஒடெத், மன்னிச்சிடு."

யெர்கோ சிரிக்கவில்லை.
"எதுக்கு?"

எதற்கு.
கத்தியதற்கு அல்ல, நான் கத்தியதே இல்லை.
நாள்கணக்கில் வாய் திறக்காமல்
வீட்டையே மூச்சடக்க வைத்ததற்கு.
பையன் கரண்டியைத் தவறவிட்டதும்
குனியாமல்
முதலில் என் முகத்தைப் பார்த்தானே,
அதற்கு.

எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு
"எல்லாத்துக்கும்" என்றேன்.

"நானும் அதையேதான் சொன்னேன்,"
இப்போது அவனுடைய சொந்தக் குரல்,
"அவ பெட்டியை மூடிட்டா."

குழாய் சொட்டியது.
யாரோ என் பக்கம் காபியை நகர்த்தினார்கள்,
ஆறிப்போனது, குடித்தேன்.

வீட்டுக் கதவைச் சாத்த இரண்டு கையும் வேண்டியிருந்தது.
ஒடெத் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்டி" என்றேன்.

"எந்தக் கரண்டி?"

கோட்டைக்கூடக் கழற்றாமல்
உட்கார்ந்தேன்.