பெறுநர்

அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர்.
அ. மரியசெல்வம், குட்டியானை ஓட்டுநர், வியாசர்பாடி.
கதவு எண் பழசு, புதுசு
ரெண்டும் போடச் சொன்னார் மெகருன்னிசா அக்கா.
"இல்லன்னா அப்படி ஒரு வீடே இல்லன்னு எழுதிடுவாங்க."

வேப்பேரியில் கமிஷனர் ஆபீசுக்குச் சற்றுத் தள்ளி
ஜெராக்ஸ் கடை வாசலில் அவர் மேசை.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
அழுகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தனியாக இருக்கிறது.

என்ன நடந்தது என்றார்.
அடிச்சிட்டாங்க என்றேன்.
விரல்கள் நகரவில்லை.
"யாரு? எங்க? எத்தனை மணி? எந்தக் கை?"

எந்தக் கை.
பதினோரு நாளாக யாரும் கேட்காதது.
எந்தக் கன்னம் என்றுதான் வீட்டில் கேட்டார்கள்.
கண்ணை மூடி மறுபடி அங்கே போய் நின்றேன்.
மூலக்கடைப் பாலம் இறங்குமிடம்,
விடிகாலை மூன்று பத்து,
வண்டியில் இருபத்திரண்டு மூட்டை கோஸ்,
ஆர்.சி. சரி, இன்சூரன்ஸ் சரி, லைசென்ஸ் சரி.
எல்லாம் சரியாக இருந்ததுதான்
அவருக்குப் பிடிக்கவில்லை போல.
வலது கையில் டார்ச்.
அப்படியென்றால் இடது கை.
என் வலது காது.

பேரு?
பளபளக்கும் கோட்டு மாட்டியிருந்தார்,
பெயர்ப்பட்டை அதற்குள்ளே.
"பரவால்ல" என்று தட்டினார் அக்கா:
நேரில் கண்டால் அடையாளம் காட்டுவேன்.
அதைத் திரையில் படித்ததும்
எனக்கே முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஸ்டான்லி ஓ.பி. சீட்டை நீட்டினேன்.
கீழே விழுந்ததாகக் கூறுகிறார் என்று இருந்தது.
"டாக்டர் ஏன் இப்படி எழுதினார்?"
நான்தான் அப்படிச் சொன்னேன் அக்கா.
வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு காக்கிச் சட்டை.
வெளியே வந்து பார்த்தால்
அவர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
"அதையும் போடுவோம். பயந்து சொன்னேன்னே போடுவோம்.
நீ மறைச்சா அவங்க கண்டுபிடிப்பாங்க."
ஆட்டோக்காரர் உட்பட எல்லாம் ஏறியது
மூன்றாவது பத்தியில்.

கடைசி வரி தானாக வந்தது:
நடவடிக்கை எடுக்குமாறு
தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.
அக்கா, அந்தத் தாழ்மை வேணாம்.
நிமிர்ந்து பார்த்தார்.
"பத்தொன்பது வருஷமா அடிக்கிறேன் தம்பி,
கை பழகிடுச்சு."
ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.
ன் போனது, டு போனது, ய போனது,
எல்லாம் போய்
கேட்டுக்கொள்கிறேன் மட்டும் நின்றது.
"இது இருக்கட்டுமா?"
இருக்கட்டும்.
காதுதான் கேட்கவில்லை.
நான் கேட்கிறேன்.

நாலு நகல் எடுத்தோம்.
ஒன்று கமிஷனருக்கு,
ஒன்று மனித உரிமை ஆணையத்துக்கு, பதிவுத் தபாலில்,
ஒன்று அவர் சொன்ன வக்கீலுக்கு.
"நாலாவது உனக்கு. உள்ள போய் சீல் வாங்கு.
தேதி போட்டுத்தான் வாங்கணும்.
சீல் இல்லன்னா அது சுண்டல் மடிக்கத்தான்."
அவர் நாற்பதுதான் வாங்கிக்கொண்டார்.
அடித்தது ஒன்றரைப் பக்கம்.

வாங்கினேன்.
ஊதா வட்டம், பாதி எழுத்து பதியவில்லை,
தேதி மட்டும் தெளிவு.
வண்டியில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

இருபத்தாறாம் நாள் போன்.
கொடுங்கையூர்ப் பக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன்.
மனு ஊரெல்லாம் சுற்றி
உரிய நடவடிக்கைக்காக என்று
எந்த ஸ்டேஷன் மேல் எழுதினேனோ
அந்த ஸ்டேஷனுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.
"மரியசெல்வம்ங்களா? சும்மா ஒரு விசாரணை.
சாயங்காலம் வந்துட்டுப் போங்க."

போங்க.
அன்றைக்கு இந்தக் குரலில் ங்க இல்லை.

பழக்கத்தில் வலது காதில் வைத்திருந்தேன்,
பாதிதான் விழுந்தது.
இடதுக்கு மாற்றினேன்.
நகலை எடுத்து மடியில் விரித்துக்கொண்டேன், எதற்கோ.

"எழுத்துல கூப்பிடுங்க சார்" என்றேன்.
"தேதி, நேரம், உங்க பேரு, பதவி போட்டு."

அந்தப் பக்கம் சத்தமில்லை.
வைத்துவிடவும் இல்லை.
மேசை விசிறி சுற்றுவது கேட்டது.

போனை எந்தக் கையில்
பிடித்திருக்கிறாரோ.