தட்டாமல்

புதுக்கடையில், நீதிமன்றப் படிக்கட்டுக்கு எதிரே,
குமாரகுலசிங்கம் நொத்தாரிசின் கந்தோரில்
பதினொரு வருடம் நான் தட்டச்சுக்காரன்.
'வாடகை' என்ற சொல்லை அங்கே
கெட்ட வார்த்தை மாதிரித்தான் வைத்திருந்தோம்.

வாடகை என்று எழுதினால் சட்டம் வந்து
கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடும்,
பிறகு ஒருவராலும் எழுப்ப ஏலாது என்பார் சேர்.
ஆகவே குடியிருப்பவர் இல்லை, 'அனுமதி பெற்றவர்'.
வாடகை இல்லை, 'மாதாந்தப் பங்களிப்பு'.
அறைகூட இல்லை, 'மேற்படி இடம்'.

மிஸிஸ் ஒண்டாச்சியின் கொட்டாஞ்சேனை மாடியறைக்கும்
அதே மூன்று பக்கம்தான். பெயரை மட்டும் மாற்றினேன்:
யோகாம்பிகை, கணக்குப்பிரிவு, சொந்த இடம் சாவகச்சேரி.
வாசிக்காமல் ஒப்பமிட்டாள்.
அன்றைக்கு நல்ல மழை. கக்கத்தில் நனைந்த பாய்.

ஆறு வருடம் போய்,
மெல்பனிலிருந்து மகன் வருகிறான், அறை வேண்டும் என்று
அனுமதியை இரத்துச்செய்யும் கடிதத்தையும்
நானே தட்டினேன். அவள் போகவில்லை.

வழக்கில் அவளுக்காக வந்தது ஒரு சின்னப் பெண்,
கறுப்புக் கோட்டு இன்னும் தோளில் படியாதவள்.
இங்கிலாந்துப் பிரபுக்கள் எப்போதோ எழுதிய
தீர்ப்பொன்றின் மங்கலான பிரதியைக் கொடுத்துவிட்டு
அதை நம்மூர் வழியில் சொன்னாள்:
இடியப்பத்தை அவித்துக் கட்டிவிட்டுப்
பார்சலின் மேல் 'பிட்டு' என்று எழுதினால்
தின்கிறவனுக்குத் தெரியாதா, கனம் நீதவான் அவர்களே?
மொழிபெயர்ப்பாளருக்கு அதில் வேலையே இருக்கவில்லை.
இரண்டு பண்டமும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

பிறகு மிஸிஸ் ஒண்டாச்சியைக் கேட்டாள்.
சாவி எத்தனை?
ஒன்று.
யாரிடம்?
அந்தப் பிள்ளையிடம்.
நீங்கள் உள்ளே போனதுண்டா?
நத்தாருக்கு, கேக் கொடுக்க.
எப்படிப் போனீர்கள்?
தட்டிவிட்டுத்தான்.
உங்கள் வீட்டில், உங்கள் அறைக்கு, எதற்காகத் தட்டினீர்கள்?
அது... மரியாதை தானே, மகள்.

எழுதிக்கொண்டிருந்த நீதவானின் பேனை ஒருகணம் நின்றது.

கடைசியாக அந்த இரவு.
ஒன்றரை மணிக்குப் பொலிஸ் வந்து
மேலே யார் என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்?
மிஸிஸ் ஒண்டாச்சி கைலேஞ்சியைக் கசக்கினாள்.
அது அவளுடைய அறை, எனக்கொன்றும் தெரியாது என்றேன்.
பயத்தில் சொன்னேன்.
பயத்தில் சொன்னது பொய்யா?
இல்லை.

யோகாம்பிகை நிமிர்ந்து பார்க்கவில்லை.
அவளை மூன்று நாள் வைத்திருந்தார்கள்.
திரும்பி வந்தபோது
போட்ட பூட்டு போட்டபடி, படியோரம் வரிசையாக
மூன்று சோற்றுப் பார்சல்கள், முதலாவதில் எறும்பு.
வாசல்வரை வந்த கை
கதவைத் தொடவில்லை.
இதை வழக்கில் ஒருவரும் கேட்கவில்லை.
வெளிவிறாந்தையில், தேத்தண்ணி ஆறும்வரை,
அவள் என்னிடம் சொன்னது.

குடியிருப்பவர்தான் என்று தீர்ப்பு வந்தது.
படிக்கட்டில் இரண்டு பெண்களும்
ஒரே முச்சக்கரவண்டியை மறித்தார்கள்,
போகிற இடம் ஒன்றுதானே.
ஏறினார்களா என்று நான் பார்க்கவில்லை.
சேர் கூப்பிட்டுவிட்டார்.

இனி எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர், என்றார்:
'உரிமையாளர் எந்நேரமும்
கதவைத் தட்டாமல் உட்பிரவேசிக்கலாம்.'
ஒருவரும் அப்படிப் போகமாட்டார்கள் சேர், என்றேன்.
போகத் தேவையில்லை, எழுத்தில் இருந்தால் போதும்.

தாளைச் செருகினேன்.
அந்தப் பழைய யந்திரத்தில் 'ட்' சரியாக விழாது,
ஒன்றுக்கு இரண்டாய் அடிக்க வேண்டும்.
தட்டாமல் என்ற சொல்லை
மாலைவரை
தட்டிக்கொண்டிருந்தேன்.