பதினேழாம் குழாய்

முல்லைத்தீவுக் கரையில் வாங்கின கணவாயின்
தோலைச் சுரண்டித்தான் இந்தப் பற்றீரியாக்களை வளர்த்தோம்.
மிச்சத்தை நவரூபி கறிவைத்தாள்.

கடலில் பிறந்தவை. நல்லதண்ணீரில் வெடித்துச் சாகும்.
அதனால் கிளிநொச்சிக்கு வருகிற ஒவ்வொரு கிணற்றுக்கும்
முதலில் உப்புப் போடுகிறேன், தராசில் நிறுத்து.

நெக்டோப் போத்தலில் விசுவமடு.
தண்ணீர்ப் போத்தலில் உடையார்கட்டு.
மருந்துப் போத்தலிலும் ஒருவர் கொண்டுவந்தார்,
"கழுவினதுதான் பிள்ளை."
மண் வந்தால் கரைத்து வடிப்போம்.
வெங்காயத் தறை மண்ணும்
செல் விழுந்த குழி மண்ணும்
வடிதாளில் ஒரே நிறம்.

பதினைந்து நிமிடம்.
ஒளி குறைந்தால் நஞ்சு.
என்ன நஞ்சென்று சொல்லாது,
நோகுது என்று மட்டும் சொல்லும்.

புதன்கிழமை பதினேழாம் குழாயில்
எங்கள் வளவுக் கிணற்றை ஊற்றினேன்.
படிவத்தில் பெயர் எழுதவில்லை.
"இது ஆற்றை கிணறு?" என்றாள் நவரூபி.
தருமபுரத்து ஆள் ஒருத்தர் என்றேன்.

திரும்பி வந்த வருசம் அதை மூன்று நாள் இறைத்தோம்.
சைக்கிள் றிம் வந்தது, சாக்கு வந்தது,
ஒரு பச்சைப் பெட்டி வந்தது;
பெட்டியைக் கண்ணிவெடி எடுக்கிறவர்கள் கொண்டுபோனார்கள்.
நாலாம் நாள் தெளிந்தது.
மகனுக்குப் பால்மா கரைத்ததும் அதில்தான்.

எட்டாவது நிமிடம் கரண்ட் போனது.
ஒளிமானி செத்தது.
யன்னலுக்கு ஏற்கெனவே கறுப்புத்துணி.
"கண் பழகட்டும், அசையாதை."

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நீலமென்றும் பச்சையென்றும் சொல்ல முடியாத நிறத்தில்
தாங்கியில் ஒவ்வொன்றாய் எழுந்தன
விசுவமடு, உடையார்கட்டு, பெயர் மறந்த ஒரு தோட்டம்.
நாலாவது இல்லை. பதினொன்று இல்லை.
அந்த இடங்களில் வெறும் இருட்டு.
எண்ணிக்கொண்டு போனேன்.

பதினேழு
நேரே பார்த்தால் மறைந்தது,
கடைக்கண்ணால் பார்த்தால் இருந்தது,
அல்லது பதினாறின் வெளிச்சம்
அதன் கண்ணாடியில் பட்டது.

"தருமபுரத்தாருக்கு என்ன சொல்லுறது?"
"கரண்ட் வரட்டும்."

குழாயை ஆட்டக்கூடாது.
காற்றுக் கலந்தால் கொஞ்ச நேரம் கூடி எரியும்,
அது கணக்கில் சேராது, நான்தான்
புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நவரூபி கதவுப் பக்கம் திரும்பி
ஜெனரேட்டர்க்காரனைக் கூப்பிட்டாள்.

ஆட்டினேன்.